கொடிக்காலுக்குள் முதல் அடி

சேலம்,
10.2.2025

மாமாவுக்கு,

என் போன் ராஜா வாய்க்கால்ல கிடக்குது. எறிஞ்சது நீங்க. அதனால இனி உங்களுக்கும் எனக்கும் பேச்சு கடுதாசியில மட்டும்தான். புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், நம்பர் உங்களுக்குத் தர மாட்டேன். பாப்பாகிட்டப் பேச பக்கத்து வீட்டு பிரபா அக்கா போனுக்குக் கூப்பிட்டுக்கறேன். அக்காவை நம்பர் கேட்டு நச்சரிக்காதீங்க, தர வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

போன்ல நான் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நீங்க கத்துவீங்க, இல்லைன்னா கட் பண்ணுவீங்க. கடுதாசியைக் கட் பண்ண முடியாது. கிழிச்சுப் போடலாம், ஆனா படிக்காம கிழிக்க உங்களுக்கு மனசு வராது.

அன்னிக்கு நடந்தது இவ்வளவுதான். வாய்க்கால் மேட்டுல உங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டிருந்தேன். மணிமாறன் சார் மெசேஜ் அனுப்பினார். எங்க காலேஜ்ல என்னைப் போலவே தாவரவியல் பாடம் எடுக்கறவர். கேள்வித்தாள்ல ரெண்டு கேள்வி தப்பா அச்சாயிருக்குன்னு எழுதி, கீழ ஒரு சிரிக்கற பொம்மை போட்டிருந்தார். நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்குத்தான் போன் தண்ணிக்குள்ள போச்சு. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு, நான் சிரிக்கறதுக்கு உங்ககிட்ட அனுமதி வாங்கணும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பரமத்தி வேலூர்ல பஸ் ஏறி, நாமக்கல்ல மாறி, சேலம் வந்து நாலு வகுப்பு எடுத்துட்டு, திரும்பி வந்து உங்களுக்குத் தோசையும் ஊத்தினவ நான். இப்ப விடுதியில இருக்கேன். இங்க யாரும் என்னைத் தோசை கேக்கறதில்ல.

ஒரு விஷயம் நேராவே சொல்லிடறேன். காலேஜ் பெண்கள் விடுதிக்கு வார்டன் வேணுமாம். என்னைக் கேக்கறாங்க. சின்ன வீடு ஒண்ணு தருவாங்க, பக்கத்துலயே பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம். இந்த மார்ச் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். சரின்னு சொன்னா ஜூன்ல நானும் பாப்பாவும் இங்கதான். அப்புறம் நான் வேலூருக்கு விருந்தாளி.

நேத்து பாப்பா போன்ல சொல்றா, 'அப்பா பின்னல் போட்டா இறுக்கமா நிக்குதும்மா, நீ போட்டா மத்தியானமே அவுந்துருது'ன்னு. நீங்க எப்ப பின்னக் கத்துக்கிட்டீங்க? எனக்கு வயிறு எரிஞ்சுது, சொல்லிட்டேன். எட்டு வருஷமா தட்டைக்கூடக் கழுவாத ஆளு, நான் இல்லாத மூணு வாரத்துல அம்மா ஆயிட்டீங்க.

கோபம் ஆறாத,
தனப்பிரியா


பரமத்தி வேலூர்,
18.2.2025

அம்முணி,

நான் கடைசியா கடுதாசி எழுதுனது பன்னெண்டாவதுல லீவு லெட்டர். தப்பு இருந்தா செவப்பு மையில சுழிக்காத.

போனை எறிஞ்சது தப்புத்தான். எறிஞ்ச கையோட எனக்கே தெரிஞ்சு போச்சு, இறங்கித் தேடினேன், தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு. ஆனா எறிஞ்சதுக்குக் காரணம் பொம்மை இல்ல. நீ சிரிச்ச சிரிப்பு. என்கிட்ட நீ பேசறதெல்லாம் என்ன? பால்காரன் வந்தானா, மோட்டார் போட்டாச்சா, கேஸ் தீரப் போகுது. அந்த ஆளு ஒரு வரி எழுதுனா உன்ற மொகத்துல ஒரு வெளிச்சம் வருது. அந்த வெளிச்சம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. பொறாமைதான். இல்லைன்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல.

எனக்குப் பொண்ணு பாத்த கதை உனக்குத் தெரியும். வெவசாயம் பண்றவனுக்குத் தர மாட்டோம்னு எத்தன ஊட்டுல காப்பிகூடக் குடுக்காம அனுப்புனாங்க. உங்கப்பா ஒருத்தருதான் எம்.எஸ்.சி. படிச்ச புள்ளையத் தூக்கிக் குடுத்தாரு. ஊரே வயிறெரிஞ்சுது. நானும் மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா உள்ளுக்குள்ள அன்னிலேர்ந்து ஒரு பயம், இவ என்னிக்கு நம்மளத் தாண்டிப் போவாளோன்னு. வார்டன் வேலைன்னு படிச்சதும், இதா வந்துருச்சுன்னு நெனச்சேன்.

பாப்பாவுக்குப் பின்னல் போடக் கத்துக்குடுத்தது பிரபா அக்கா. வெத்தலைக் கொடிய அகத்தி மரத்துல இழுத்துக் கட்டறவனுக்குச் சடை என்ன பெரிய வித்தையான்னு நெனச்சேன். மொத நாள் அழுதா. இப்ப அழுகறதில்ல.

உனக்குச் சந்தோசமான சேதி ஒண்ணு. தோட்டக்கலை ஆபீசரு உஷாராணி மேடம் வந்தாங்க. நம்ம வெத்தலைக் கொடிக்கால் வாடிக் கெடக்கறதக் கேள்விப்பட்டு வந்தாங்களாம். செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போயி, ரெண்டு கொடிய வேரோட புடுங்கிப் பாத்தாங்க. தண்ணி தேங்குது, வேர் அழுகுது, பாத்தியில வடிகால் வெட்டி, உயிர் மருந்தச் சாணத்துல கலந்து போடுங்கன்னாங்க. மறுநாளே வெட்டிட்டேன். கொடி தெளிஞ்சுட்டு வருது. நீ ஐப்பசியில சொன்னியே, அதையேதான் அவங்களும் சொன்னாங்க. நீ படிச்ச படிப்பு சரியாத்தான் இருக்குதுன்னு எனக்கு ஒரே பெருமை.

அந்த வார்டன் வேலைக்குப் பதில் சொல்லறதுக்கு முன்னாடி ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போ.

சந்தோஷ்குமார்


சேலம்,
24.2.2025

மாமாவுக்கு,

சந்தோஷமான சேதியா? உங்க கடுதாசியை விடுதி மாடியில நின்னு படிச்சேன். படிச்சு முடிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து படிச்சேன். பக்கத்துல துணி காயப் போட்ட பொண்ணு, 'மேடம், வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டா.

நான் கல்யாணமாகி வந்த மறுவாரம் கொடிக்காலைப் பாக்க ஆசையா ஓடி வந்தேன். அத்தை வாசல் படல்கிட்டயே என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. 'ஊட்டுப் பொம்பளைங்க உள்ள போகக்கூடாது, கொடி வாடிரும். கொட்டாயில உக்காந்து எலை அடுக்கு'ன்னாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. வாயைத் திறக்கல. செடி கொடியைப் படிச்சுட்டு வந்தவ, தன் வீட்டுக் கொடியை வேலிக்கு வெளியில நின்னு எட்டிப் பாத்தேன், எட்டு வருஷம்.

ஐப்பசியில நீங்க கொண்டு வந்து காட்டின இலையைப் பாத்ததும் வேர்லதான் கோளாறுன்னு சொன்னேன். ஒரு தடவை உள்ள வந்து வேரைப் பாக்கறேன்னு கெஞ்சினேன். 'புக்குல படிச்சது வேற, கொடிக்கால் வேற'ன்னு சொன்னது யாரு? நாலு மாசம் கொடியை வாட விட்டீங்க. உள்ள ஒரு பொம்பளையும் போகாமத்தான் வாடுச்சு, அதை யாராவது யோசிச்சீங்களா?

இப்ப உஷாராணி வந்தாங்க, செருப்பைக் கழட்டினாங்க, உள்ள போனாங்க, வேரையே பிடுங்கினாங்க. நான் சொன்னதையே சொன்னாங்க. நீங்க மறுநாளே வெட்டிட்டீங்க. அவங்க சொன்னா காதுல ஏறுது, நான் சொன்னா ஏறல. அவங்க படிப்பு படிப்பு, என் படிப்பு கல்யாணப் பத்திரிகையில போடறதுக்கு.

நீங்க மணிமாறன் சாரைப் பாத்துப் பொறாமைப்படறதா எழுதியிருக்கீங்க. என் பொறாமையையும் கேட்டுக்கோங்க. அந்தப் பொம்பளை எப்படி இருப்பாங்க, என்ன சேலை கட்டியிருந்தாங்க, உள்ள எத்தனை நேரம் இருந்தாங்க, நீங்க முன்னாடி நடந்தீங்களா பின்னாடி நடந்தீங்களா, இதெல்லாம் நான் படுத்துக்கிட்டு யோசிக்கறேன். அவங்ககூட உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். இருந்திருந்தாக்கூட இவ்வளவு எரிஞ்சிருக்காது. நான் எட்டு வருஷமா கேட்ட இடத்துல அவங்க ஒரே நாள்ல காலை வச்சுட்டாங்க.

பாப்பாவையும் பெரியவளானா அந்தப் படல்கிட்ட நிறுத்துவீங்களா? வார்டன் வேலைக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி இதுக்கு நீங்க பதில் சொல்லுங்க.

தனப்பிரியா


பரமத்தி வேலூர்,
4.3.2025

அம்முணி,

வாட்ச்மேன்கிட்டக் குடுத்த பூவன் வாழத்தாரு வந்து சேர்ந்துச்சா? பேர் சொல்லாமத்தான் குடுத்தேன், நீ கண்டுபிடிச்சிருப்பே.

ஆமா, சேலம் வந்தேன். கால்ல உழுந்தாவது கூட்டிட்டு வந்துரலாம்னுதான் வந்தேன். காலேஜுக்கு எதுக்கால டீக்கடையில நின்னேன். நாலு மணிக்கு நீங்க எல்லாம் வெளிய வந்தீங்க. நடுவுல நீ. பொண்ணுங்க உன்னச் சுத்தி என்னமோ கேட்டுக்கிட்டே வருது, நீ கைய ஆட்டி ஆட்டிச் சொல்ற. ஒசரமா, கண்ணாடி போட்ட ஒரு ஆளு கூட நடந்து வந்தாரு. அவருதான் மணிமாறன்னு நெனைக்கறேன். அவரும் நீ சொல்றதைத்தான் கேட்டுக்கிட்டு வந்தாரு. எல்லாருமே கேக்கறாங்க, நான் ஒருத்தன்தான் கேக்காதவன்.

ரோட்டத் தாண்டி வரக் காலு வரல. வேட்டியில மண்ணு, கையில வாழத்தாரு. தார வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். நாமக்கல் வரைக்கும் சன்னல் பக்கமே பாத்துட்டு வந்தேன்.

நீ கேட்டதுக்குப் பதில். பாப்பாவ நிறுத்த மாட்டேன். உன்னையும் இனி நிறுத்த மாட்டேன். அம்மா வர்ற வெள்ளிக்கெழம பழனிக்குப் போறாங்க, மறுநாள் பொழுதோடதான் வருவாங்க. சனிக்கெழம எலை கிள்றதும் கெடையாது, ஆளு ஒருத்தரும் வர மாட்டாங்க. நீ வந்தீன்னா உள்ள கூட்டிட்டுப் போறேன். எத்தன நேரம் வேணும்னாலும் இரு, எந்த வேர வேணும்னாலும் பாரு. யாருக்கும் தெரியாது.

சந்தோஷ்குமார்


சேலம்,
10.3.2025

மாமாவுக்கு,

வாழைத்தாரைப் பாத்ததும் தெரிஞ்சுது. அந்த மாதிரி தென்னங்கயித்துல ரெட்டை முடிச்சுப் போட்டுக் கட்டறவர் நீங்க ஒருத்தர்தான். விடுதியில எல்லாரும் தின்னாங்க. நான் ஒண்ணுகூடத் தின்னல. ரோட்டைத் தாண்டி வர முடியாதவர் கொண்டு வந்த பழம் எனக்கு எதுக்கு?

நீங்க கூப்பிட்ட சனிக்கிழமை நான் வரல. வர மாட்டேன். பிரபா அக்கா சொன்னாங்க, உஷாராணி பட்டப்பகல்ல, எலை கிள்ற ஆளுங்க முன்னாடி, அத்தை கொட்டாயில உக்காந்திருக்கறப்ப உள்ள போனாங்க. நான் மட்டும் அத்தை ஊர்ல இல்லாத நாளாப் பாத்து, திருடி மாதிரி நுழையணுமா? வந்து பாத்துட்டு, பாக்காத மாதிரி மறுநாள் கொட்டாயில உக்காந்து எலை அடுக்கணுமா? அதுக்கு நான் வேலிக்கு வெளியவே நின்னுக்கறேன், அதுலயாவது பொய் இல்ல.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. எங்க பிள்ளைங்களுக்கு வெத்தலைக் கொடிக்கால் ஒண்ணைக் காட்டணும். பாடத்துல வருது. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க, 'மேடம், உங்க வீட்டுலயே இருக்குதே'ன்னாங்க. நான் என்னன்னு சொல்வேன்? எனக்கே அதுக்குள்ள அனுமதி இல்லைன்னா? மோகனூர்ல கலையரசன்னு ஒருத்தர்கிட்டக் கேட்டேன். தாராளமா வாங்கம்மான்னார். 27-ஆம் தேதி வியாழக்கிழமை அங்க போறோம். மணிமாறன் சாரும் வர்றார்.

என் வாழ்க்கையில நான் காலை வைக்கப் போற முதல் கொடிக்கால் யாரோ ஒருத்தரோடது. அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வார்டன் வேலைக்குச் சரின்னு சொல்லிடப் போறேன்.

தனப்பிரியா


பரமத்தி வேலூர்,
17.3.2025

அம்முணி,

மோகனூர் கலையரசனா? அவன் கொடிக்கால்ல எலை எந்தப் பதத்துல இருக்குதுன்னு எனக்குத் தெரியும். உன்ற மொதல் அடி அவன் மண்ணுல உழுகறத என்னால பொறுத்துக்க முடியாது. மணிமாறனக்கூடப் பொறுத்துக்குவேன், கலையரசன முடியாது.

உன்ற கடுதாசி வந்த அன்னிக்கே அம்மாகிட்டச் சொல்லிட்டேன். மறைச்சுச் சொல்லல, எலை கிள்ற ஆளுங்க இருக்கறப்பவே, கொட்டாயில வச்சுச் சொன்னேன். வியாழக்கெழம உன்ற மருமக காலேஜுப் புள்ளைங்களோட வாரா, மொதல்ல அவதான் உள்ள போவான்னு. அம்மா எலைய அப்புடியே போட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க.

'கொடி வாடிரும்னு சொல்றியாம்மா, இல்ல வேற ஏதாச்சுமா'ன்னு கேட்டேன். போட்ட எலையக் குனிஞ்சு பொறுக்குனாங்க. அப்புறம் சொன்னாங்க. 'அந்த மேடம் வேத்து மனுசி, சர்க்காருக்காரி, அவ போனா எனக்கென்ன. இவ இந்த ஊட்டுக்கு வந்தவ, நானும் இந்த ஊட்டுக்கு வந்தவதான். நாப்பது வருசமா உங்கப்பனுக்குச் சோத்துப் போசிய அந்தப் படல் வரைக்கும் கொண்டாந்து வச்சுட்டுத் திரும்புனேன். உள்ள என்ன இருக்குதுன்னு எட்டிக்கூடப் பாத்ததில்ல. இவ மட்டும் படிச்சுட்டா, நேரா உள்ள போயிருவாளா? எனக்கு எரியாதா?' இத்தன வருசத்துல எங்கம்மா இப்புடிப் பேசி நான் கேட்டதில்ல. நாலு நாளாச்சு, என்கிட்டப் பேச்சு வார்த்தை இல்ல. சோறு மட்டும் போடறாங்க.

ஆனா சொன்ன சொல்லுல மாத்தமில்ல. மோகனூர் வேண்டாம்னு சொல்லீரு. பஸ்ஸ நம்ம கொடிக்காலுக்கே உடு. கூட எத்தன புள்ளைங்க வந்தாலும் சரி, மணிமாறன் சாரும் வரட்டும். மொத அடி நீ வைக்கோணும். அவரு உனக்குப் பின்னாலதான், அதுவும் கடைசியில. உஷாராணி மேடம் அன்னிக்கு மறுபடியும் வரலாமான்னு கேட்டாங்க. வியாழக்கெழம வேண்டாம், அன்னிக்கு எங்கூட்டு ஆளு வருதுன்னு சொல்லிட்டேன்.

சந்தோஷ்குமார்


சேலம்,
28.3.2025

மாமாவுக்கு,

நேத்து நம்ம கொடிக்கால்ல அத்தனை பேர் முன்னாடி பேச முடியல. அதனால இதையும் எழுதிடறேன்.

படல்கிட்ட செருப்பு வாரைக் கழட்ட நான் ரெண்டு தடவை குனிஞ்சேன். பிள்ளைங்க பின்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது, நீங்க படலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறீங்க. கல்யாணத்தன்னிக்கு உங்க வீட்டு வாசப்படி ஏறினப்பகூட நான் அவ்வளவு பயப்படல.

உள்ள வெளிச்சமே பச்சையா இருந்தது. வெளியில அவ்வளவு வெயில், உள்ள காலடி மண்ணு சில்லுன்னு. நான் முதல்ல உங்களைத்தான் கேட்டேன், 'இவ்வளவு குளிர்ச்சியா இருக்குமா?'ன்னு. இந்தக் குளிர்ச்சியை இத்தனை வருஷமா நீங்க தனியா வச்சிருந்தீங்களே. சித்திரை வெயில்ல நான் தகரக் கொட்டாயில உக்காந்து வேர்வையைத் துடைச்சுக்கிட்டு எலை அடுக்கினப்ப, நீங்க இதுக்குள்ள நின்னுட்டிருந்தீங்க. உஷாராணிமேல எனக்கு இருந்ததெல்லாம் பொறாமையே இல்ல. நேத்து உங்கமேல வந்ததுதான் பொறாமை.

நான் பிள்ளைங்களுக்கு வேர் அழுகலைப் பத்திச் சொல்லிட்டிருந்தப்ப நீங்க கடைசி வரிசையில கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டதைப் பாத்தேன். பாக்காத மாதிரி நடிச்சேன். ஒரு வார்த்தை குளறிடுச்சு, பிள்ளைங்க சிரிச்சுதுங்க.

அப்புறம் இன்னொண்ணு. அந்த மணிமாறன் சாரும் நீங்களும் வாய்க்கால் மேட்டுல உக்காந்து ஒரு மணி நேரம் பேசினீங்களே, அப்படி என்ன பேச்சு? அவருக்கு நாமகிரிப்பேட்டையில மஞ்சக் காடு இருக்குன்னு பஸ்கிட்ட வந்து நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். அவருக்கும் பொண்ணு கிடைக்கலையாம், உங்ககிட்டச் சொல்லியிருக்கார். பஸ்ல திரும்பி வர்றப்ப, 'உங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசறார் மேடம்'னார். என்கிட்ட இல்லாத பேச்சு அவர்கிட்ட எங்கிருந்து வந்துச்சு? நீங்க வாய்க்கால்ல போட்ட போன் இப்ப என் கையில இருந்தா நானே திருப்பி எறிஞ்சிருப்பேன்.

வார்டன் வேலை வேண்டாம்னு இன்னிக்குச் சொல்லிட்டேன். ஆனா காலேஜை விட மாட்டேன். திங்கள்லேர்ந்து பழையபடி பஸ்தான். காலையில பாப்பாவைக் கிளப்பறது, பின்னல் போடறது, சாப்பாடு கட்டறது உங்க வேலை. ராத்திரி தோசையை யார் முதல்ல வீட்டுக்கு வர்றாங்களோ அவங்க ஊத்தணும். ஞாயித்துக்கிழமை நான் கொடிக்காலுக்குள்ளதான் இருப்பேன், பாப்பாவோட.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வெளிய வந்து செருப்பைத் தேடினா, என் செருப்புக்குப் பக்கத்துல அத்தையோட நீலச் செருப்பு கிடந்துச்சு. ஆளை எங்கயும் காணோம். நான் கழட்டினப்ப அது அங்க இருந்துச்சா, அப்புறமா வந்துச்சா? பதட்டத்துல நான் பாக்கல. உண்மையைச் சொல்லுங்க மாமா, முதல்ல உள்ள போனது நான்தானே?

தனப்பிரியா


பரமத்தி வேலூர்,
29.3.2025

அம்முணி,

உன்ற கடுதாசி கூரியர்ல இன்னிக்கே வந்துருச்சு. நாளைக்கு நீயே வந்துருவே, நேர்ல சொல்லலாம். ஆனா உன்ற மொகத்தப் பாத்துக்கிட்டுச் சொல்லத் தைரியம் இல்ல. அதனால இத பிரபா அக்காகிட்டக் குடுத்து வக்கறேன், பஸ்ஸ உட்டு எறங்குனதும் படிச்சுட்டு அப்புறமா ஊட்டுக்குள்ள வா.

அம்மாதான்.

நீங்க வரதுக்கு ரொம்ப முன்னாடி, நான் தண்ணி கட்டீட்டு இருந்தேன். படல் தெறக்கற சத்தம் கேட்டுத் திரும்புனா அம்மா நிக்கறாங்க. செருப்பப் படலுக்கு வெளிய உட்டுட்டு வெறுங்காலு, தலைக்குக் குளிச்சிருந்தாங்க. 'அவ பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்தரோணும், தள்ளி நின்னு வழி உடு'ன்னாங்க. வழி உட்டேன். நடுப் பாத்தி வரைக்கும் போயி, ஒரு கொடியத் தொட்டுப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்து, 'இவ்வளவு குளுச்சியா இருக்குமாடா?'ன்னு கேட்டாங்க.

நீங்க வந்தப்ப கடைசிப் பாத்திக்கு அந்தப்பக்கம் போயி உக்காந்துட்டாங்க. புள்ளைங்க முன்னாடி வரக் கூச்சம். நீ பாடம் சொன்னதையெல்லாம் அங்கிருந்தே கேட்டாங்க. பஸ் போன பின்னாடிதான் வெளிய வந்தாங்க. உன்ன ஒண்ணும் திட்டல. மருமக சத்தமாத்தான் பேசறான்னு மட்டும் சொன்னாங்க.

நீங்க ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் கேட்டீங்க. உனக்கு வயிறு எரியும், தெரியும். கோவிச்சுக்கிட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சராத. தோசைக்கு மாவு ஆட்டி வச்சிருக்கறேன்.

சந்தோஷ்குமார்